சர்வீஸ் முடிந்து வந்த சத்தம்

அன்புள்ள கயல்,

சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே அப்பாவின் ஸ்பிளெண்டர் பைக்கில் 'ஏதோ சத்தம்' வருகிறது என்று எழுதியிருந்தாய். நல்லவேளை, பில்லையும் படம் எடுத்து அனுப்பினாய். உன் வர்ணனையைவிட அந்தப் பில்தான் எனக்குப் பெரிய சாட்சி. ஆயில் மாற்றம், டேப்பெட் செட்டிங், செயின் டைட், பின்சக்கர பிரேக் ஷூ. முந்தின நாள்வரை இல்லாத சத்தம் இன்று வருகிறதென்றால், கை பட்ட இந்த நான்கு இடங்களில்தான் முதலில் தேட வேண்டும். இஞ்சின் போச்சு, பேரிங் போச்சு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள்; காதில் வாங்காதே.

அடுத்ததாக, சத்தம் எதோடு சேர்ந்து ஓடுகிறது என்று பார். ஆளில்லாத தெருவில் 20 கி.மீ. வேகத்தில் போய், கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை விடு. வண்டி உருண்டுகொண்டே இருக்கும். இஞ்சின் மட்டும் அடங்கும். சத்தமும் கூடவே அடங்கினால் கோளாறு இஞ்சின் பக்கம். விடாமல் வந்தால் சக்கரம், பிரேக், செயின்.

இன்னொரு வழி, எண்ணிப் பார்ப்பது. அப்பா வண்டியின் 18 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு தடவை எங்கோ உரசினால் அந்த 'சர்... சர்...' உன் காதுக்கு எண்ணும்படியே கேட்கும். வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஓடும்போதோ, ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 700 தடவை, அதாவது நொடிக்குப் பன்னிரண்டு தடவை திறந்து மூடும். அந்தச் சத்தத்தை எண்ண முடியாது. தையல் மெஷின் மாதிரி ஒரே ஓட்டமாக ஓடும்.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். புது ஷூ டிரம்மில் படிந்து உட்காரும்வரை லேசாக உரசுவது சகஜம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். தாராளமாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் ராடு நட்டு அதிகமாக முறுக்கப்பட்டிருக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் 'டங்' என்று கேட்டால் சமாச்சாரம் வேறு. பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் நட்டு தளர்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே கூடாது.

செயினை இறுக்கிக் கட்டினால் வேலை சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அப்போது வேகம் கூடக் கூட ஊளை மாதிரி ஒரு சத்தம் வரும். பின்னால் ஆள் ஏறினால் அதிகமாகும். இப்படியே ஓட்டினால் கியர் பாக்ஸ் பேரிங்குக்குக் கேடு. செயின் கவரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, இஞ்சினை அணைத்துவிட்டு, விரலால் தூக்கிப் பார். மேலும் கீழுமாக 25 மி.மீ. அளவுக்கு ஆட்டம் இருக்கட்டும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் பார்க்க வேண்டும். கரகரவென்று தகரச் சத்தம் வந்தால், கவர் சரியாக உட்காரவில்லை.

எனக்குச் சந்தேகம் டேப்பெட் மேல்தான். வால்வுக்கும் அதைத் தள்ளும் திருகுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் வைக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டி' குறி ஒவ்வொரு சுற்றிலும் வரும். ஆனால் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் இரண்டில் ஒரு தடவைதான் இரண்டு வால்வும் முழுசாக மூடியிருக்கும். அவசரத்தில் மற்ற தடவையில் செட் செய்துவிட்டால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கும் நிலையில் அளவு எடுத்ததாக ஆகும். பிறகு இடைவெளி கூடிப்போய் 'டிக்டிக்'கென்று அடிக்கும்.

இதற்காக மெக்கானிக்கிடம் "சத்தமே வராம வைங்கண்ணே" என்று மட்டும் கேட்டுவிடாதே. அவரும் இறுக்கிக் கொடுத்துவிடுவார். இறுகிய டேப்பெட் சத்தம் போடாது. ஆனால் வால்வு முழுசாக மூடாமல், சூட்டை இறக்க வழியில்லாமல் கருகிப்போகும். லேசான டிக்டிக்கோடு ஓடும் வண்டியை நான் நம்புவேன்.

ஆயிலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியை நேராக நிறுத்தி, அளவுக்குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடு. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தாலோ, இஞ்சின் அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' கேட்டாலோ உடனே அணைத்துவிடு, தள்ளிக்கொண்டே போ.

மெக்கானிக்கிடம் போகும்போது எந்த வேகத்தில், எந்த கியரில், கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா, சூடானதும் குறைகிறதா என்று குறித்து எடுத்துக்கொண்டு போ. முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டால் காலையில் ஆறின இஞ்சினோடு டேப்பெட்டைப் பார்ப்பார். அதற்கு முன்னால் டூல் கிட் பையை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு ரவுண்டு போய் வா. மேடுபள்ளத்தில் மட்டும் வரும் லொடலொடப்புக்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

அன்புடன்,
சித்தப்பா