நெஞ்செரிச்சலுக்கு வீட்டு உபாயம்

கேள்வி: இரவு உண்டு படுத்தால் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வேறு. அதிகச் செலவில்லாத உபாயம் உண்டா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உணவுக்குழலின் அடிவாயிலைக் காக்கும் தசை வளையம் தளரும் சமயத்தில் இரைப்பையின் அமிலம் மேலேறுவதே இந்த உபாதைக்குப் பெரும்பாலும் காரணமாதலால், மருந்தைத் தேடுமுன் போஜன நேரத்தைச் சீர்திருத்துவதே உத்தமம். சயனிப்பதற்கு 3 மணி நேரம் முன்பே மிதமாக உண்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்துச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, இடப்பக்கமாகப் படுத்தால், காசு செலவின்றியே பலருக்குச் சுகம் கிட்டுகிறது. தலையணைகளை அடுக்குவது இதற்கு ஈடாகாது. இடுப்பு மடிந்து வயிற்றில் அழுத்தமே கூடும். எண்ணெய்ப் பலகாரம், காரக்குழம்பு, புகையிலை ஆகியவற்றைக் குறைத்துப் பாரும். காபியை விடும்படி கும்பகோணத்தாரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இரவுக் காபியையாவது நிறுத்தலாம்.

அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவை அரை டம்ளர் நீரில் முற்றும் கரைத்துப் பருகினால் தற்காலிக சாந்தி உண்டு. ஆனால் அதன் சோடியம் காரணமாக, ரத்தக் கொதிப்போ சிறுநீரக வியாதியோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடலாகாது. மற்றவர்க்கும் அது நித்திய வழக்கமாகக் கூடாது. விழுங்குவதில் சிரமம், கரிய மலம், காரணமற்ற மெலிவு இவை தோன்றினால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவும். மார்பு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அக்கணமே ஆஸ்பத்திரிக்கு விரையவும்.