களத்துச் சமையலுக்கேற்ற கத்தி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நிலக்கடலை பிடுங்கும்போதும், நெல் அறுவடையின்போதும், கரும்பு வெட்டும்போதும், வயலிலும் களத்துமேட்டிலும் அடுப்பு மூட்டி ஆட்களுக்குச் சமைப்பதுண்டு. மயிலத்துக்கும் மேல்மலையனூருக்கும் குடும்பத்தோடு செல்லும் குடியானவர்கள் தோப்பு நிழலில் பொங்கலிடுவதும் உண்டு. இச்சமயங்களில் பானை, அகப்பை, அரிசி, பருப்பு முதலிய யாவும் முன்கூட்டியே எடுத்து வைக்கப்படுகின்றன. கத்தியை மட்டும் எவரும் நினைப்பதில்லை. காய் அரியும் வேளை வந்தபின், மோட்டார் கொட்டகையில் கிடக்கும் ஏதேனும் ஒரு கத்தியை எடுத்து, வேட்டியில் துடைத்து, வேலையைத் தொடங்குவதே பெரும்பாலும் நடப்பது.

அக்கத்தி முந்திய நாள் என்ன வேலை செய்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூச்சிமருந்துப் பொட்டலத்தின் வாயை அறுத்ததும், மருந்து கலந்த விதைக்கடலைச் சாக்கைப் பிரித்ததும், மாட்டின் குளம்பைச் சீவியதும் அதே கத்தியாயிருக்கலாம். மருந்தானது கண்ணுக்குத் தெரியாமல் அலகிலும் பிடியின் இடுக்கிலும் தங்கிக் கத்தரிக்காயோடு குழம்பில் சேரக்கூடும். வேட்டியில் துடைப்பதால் அது நீங்குவதில்லை. ஆகையால் சமையலுக்கென்று தனிக் கத்தி வைத்திருப்பது ஆடம்பரமன்று, அவசியமேயாகும். அதை அதிகச் செலவின்றித் தேர்ந்தெடுக்கும் வகை கீழே கூறப்படுகிறது.

எவ்வகைக் கத்தி?

வீட்டில் அரிவாள்மனைக்கு நிகரான கருவி வேறில்லை. இரண்டு கைகளும் காயைப் பிடித்துக்கொள்ள, வேலை விரைவாய் நடக்கும். ஆயினும் மேடுபள்ளமான களத்தில் அது நிலையாய் நிற்பதில்லை. வண்டியில் கொண்டுபோகும்போது அதன் வாய் திறந்தேயிருப்பதால் குழந்தைகளுக்கு அபாயமும் உண்டு. மடக்குக் கத்தி சட்டைப் பைக்கு வசதியானதே. ஆனால் அதன் மடிப்புக்குள் வெங்காயச் சாறும் மீன் செதிலும் புகுந்து தங்கும். அழுத்தி அரியும்போது சிலவேளை விரல்மேல் மடங்கியும் விடும். ஆதலின் அலகும் பிடியும் அசையாது பொருந்திய, உறையுள்ள கத்தியே வெளியிடச் சமையலுக்கு ஏற்றது.

அளவு

பெரிய கத்தியே உறுதியானது என்பது பலரின் எண்ணம். விறகு பிளப்பதற்கும் தேங்காய் உடைப்பதற்கும் காய் அரிவதற்கும் ஒரே கத்தி போதுமென்று கருதிக் கனத்த கத்தியை வாங்குவோர் எந்த வேலையையும் செம்மையாய்ச் செய்ய இயலாமல் வருந்துவர். முதுகு ⅛ அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால் பூசணியும் முள்ளங்கியும் அரிபடாமல் பிளந்து தெறிக்கும். விறகுக்குக் கொடுவாள் ஏற்கனவே வீட்டில் உண்டு. அதனை அவ்வேலைக்கே விட்டுவிடுவது நலம்.

சமையற்கத்திக்கு அலகின் நீளம் 5 முதல் 6 அங்குலமும், அகலம் 1¼ முதல் 1½ அங்குலமும், முதுகின் கனம் சுமார் 2 மில்லிமீட்டரும் இருத்தல் போதும். முதுகிலிருந்து வாய்வரை அலகு படிப்படியாய் மெலிந்து வருதல் வேண்டும். பிடி 4½ அங்குலத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் நான்கு விரல்களும் அதில் அடங்கா.

இரும்பும் எஃகும்

கத்தியின் குணம் அதன் பளபளப்பில் இல்லை. இரும்பில் கலந்துள்ள கரியின் அளவிலும், அதற்குக் கொடுத்த பதத்திலும் இருக்கிறது. இவ்வுண்மையை இந்நாட்டார் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். முன்னாள் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த மேல்சிறுவளூரில், மூசைகளில் எஃகு உருக்கிய பழைய இடமொன்று இருந்ததை ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீநிவாசன் 1994-ல் வெளியிட்டார். இரும்பையும் கரிப்பொருளையும் மூசைக்குள் வைத்து மூடி உருக்குவதால் இரும்பு கரியை உட்கொண்டு எஃகாக மாறும் என்பதே அத்தொழிலின் உட்பொருள்.

கட்டட வேலைக்கு வரும் சாதாரணப் பட்டை இரும்பில் கரி 100-க்கு ¼ பங்கைத் தாண்டுவதில்லை. அதனை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வாராது. தீட்டிய வாய் ஒருவேளைச் சமையலுக்குள் மடங்கிவிடும். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரி 100-க்கு ½ பங்குக்கு மேல் உள்ளது. அது நன்றாய்ப் பதம் ஏற்கும், எளிதில் ஒடியாது. பழைய அரத்தில் கரி 100-க்கு 1 பங்கையும் தாண்டுவதுண்டு. அதில் அடித்த கத்தி நெடுநாள் கூர் தாங்கும். ஆயினும் பதம் தவறினால் கண்ணாடிபோல் ஒடியும்.

துருவேறா எஃகில் குரோமியம் 100-க்கு 10½ பங்குக்குக் குறையாமல் கலந்திருக்கும். மரக்காணம் உப்பளப் பக்கத்திலும் கடலோரக் கிராமங்களிலும் உப்புக்காற்று சாதாரண எஃகை விரைவில் அரிப்பதால், அங்குள்ளோர் துருவேறாக் கத்தி வாங்குவதே நலம். ஆனால் துருவேறாமை வேறு. கூர் தாங்குதல் வேறு. மிக மலிவான துருவேறாக் கத்திகளிற் பல மென்மையானவை. கடினத்தின் அளவு அச்சிடப்பட்டிருந்தால், ராக்வெல் அளவில் 54 முதல் 58 வரை உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கொல்லரிடம் செய்வித்தல்

தேர்ந்த கொல்லர் அருகில் இருப்பாராயின், வெடிப்பில்லாத ஸ்பிரிங் பட்டைத் துண்டொன்றைக் கொடுத்துக் கத்தி அடிப்பிப்பது சிக்கனமான வழி. அப்போது பட்டறையில் நின்று கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, தோய்ச்சல். அலகு செந்நிறமாய்ச் சூடேறிக் காந்தத்தில் ஒட்டாத நிலையை அடைந்து, அதற்கும் சற்று மேலே காய்ந்ததும் எண்ணெயில் தோய்க்கப்படல் வேண்டும். காந்தம் ஒட்டாமற்போவது ஏறக்குறைய 770 பாகை சென்டிகிரேடில். இவ்வகை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் வாயில் வெடிப்பு விழக்கூடும். இளஞ்சூடான கடலையெண்ணெய் இவ்வேலைக்குப் போதுமானது.

இரண்டாவது, பதம் இறக்குதல். தோய்த்த அலகு மிகக் கடினமாயிருப்பினும் எளிதில் ஒடியும். அதனைச் சுத்தமாய்த் தேய்த்து, முதுகுப் புறமாய் மெல்லச் சூடேற்றினால், அதன்மேல் வைக்கோல் நிறம் படரும். அது சுமார் 200 முதல் 230 பாகை வரை. அந்நிறம் வாயை எட்டியவுடன் நிறுத்திவிடல் வேண்டும். நீலநிறம் வரும்வரை காய்ச்சினால் சமையற்கத்திக்கு வேண்டிய கடினம் குறைந்துபோம். இவ்விரண்டாவது வேலையை அவசரத்தால் விட்டுவிடுவதே பல கத்திகள் ஒடிவதற்குக் காரணம்.

வாங்குமுன் சோதித்தல்

சந்தையிலாயினும், கடையிலாயினும், சாலையோரத்தில் கூடாரமிட்டு இரும்படிப்போரிடத்திலாயினும், கீழ்க்கண்ட சோதனைகளை விற்பவரின் அனுமதியோடு செய்யலாம்.

1. சிறு அரத்தை வாயின் ஓரத்தில், பிடிக்கு அருகே, மெல்ல உரசுக. அரம் வழுக்கிக்கொண்டே போனால் பதம் உண்டு. வெண்ணெயை வழிப்பதுபோல் இரும்பைச் சுரண்டினால் பதம் இல்லை.

2. கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாயை நோக்குக. அது வளைவின்றி நேராய் ஓடவேண்டும். மயிரிழை போன்ற கோடு குறுக்கே தென்பட்டால் அது வெடிப்பாகும், அதனை வாங்கலாகாது.

3. நுனியைப் பலகையில் ஊன்றிச் சிறிதே வளைத்து விடுக. அலகு மீண்டும் நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் அது மெல்லிரும்பு.

4. பழுத்த தக்காளியின்மேல் அழுத்தாமல் இழுத்துப் பார்க்க. தோலைப் பிடித்து அறுப்பதே நல்ல வாய்.

5. பிடியை இறுகப் பற்றி ஆட்டிப் பார்க்க. சிறிதளவும் அசைவு கூடாது.

பிடியும் உறையும்

அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை சென்று, இரண்டு அல்லது மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருப்பது மிக உறுதியானது. ஒரு அங்குலம் மட்டும் உள்ளே செருகப்பட்டுப் பூண் போட்ட பிடி நாளடைவில் நெகிழும். கருவேலம், புளி ஆகிய மரங்களின் காய்ந்த வைரம் பிடிக்கு ஏற்றது. பச்சை மரம் உலர்ந்தபின் சுருங்கி இடுக்கு விடும். அவ்விடுக்கில் அழுக்கும் நீரும் தங்கும். எண்ணெய்க் கையில் வழுக்காதபடி, பிடி மிகையான வழவழப்பின்றி இருத்தல் நலம். விரல் முன்னோக்கி வழுக்கி வாயில் படாதபடி பிடியின் முன்பக்கம் சற்றுப் புடைத்திருத்தல் இன்னும் நலம்.

உறைக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே அலகின் அளவுக்கு இடம் குடைந்து சேர்த்துக் கட்டினாலே போதும். தோலுறை பயணத்துக்கு மட்டும் உதவும். அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அதிலேயே பலநாள் வைத்திருந்தால் எஃகு துருப்பிடிக்கும்.

விலைக் கணக்கு

மலிவு என்பது கொடுக்கும் பணத்தை மட்டும் பொறுத்ததன்று. கணக்குக்காக, 120 ரூபாய்க் கத்தி ஓராண்டில் பயனற்றுப் போவதாகவும், 400 ரூபாய்க் கத்தி 8 ஆண்டு உழைப்பதாகவும் வைத்துக்கொண்டால், முன்னதற்கு ஆண்டுச் செலவு 120 ரூபாய். பின்னதற்கு 50 ரூபாயே. ஆயினும் விலை உயர்ந்தால் தரமும் உயரும் என்று கொள்ளலாகாது. சித்திர வேலைப்பாடுள்ள பிடி, கருமை பூசிய அலகு, முதுகில் வெட்டிய இரம்பப் பல் முதலியவற்றிற்குக் கொடுக்கும் பணம் காய் அரிவதற்கு உதவாது. எஃகு, பதம், பிடியின் உறுதி ஆகிய மூன்றுக்கு மட்டுமே பணம் கொடுத்தல் வேண்டும்.

பராமரிப்பு

புளி, எலுமிச்சை, வெங்காயம் இவற்றின் சாறு சாதாரண எஃகைக் கறுக்கச் செய்யும். அதனால் பயமில்லை, ஆனால் சாறு அலகில் உலரவிடலாகாது. வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெயை மெல்லிதாய்த் தடவிவைத்தால் துரு அணுகாது.

கத்தியால் அடுப்பைக் கிளறுவதும், அதன் அலகைத் தணலில் நீட்டி மீனோ கறியோ சுடுவதும் அடியோடு விலக்கவேண்டியவை. வைக்கோல் நிறத்துக்கு மேல் சூடேறினால், கொல்லர் கொடுத்த பதம் ஒரு நொடியில் போய்விடும். சாணைச் சக்கரத்தில் தீட்டும்போதும் அலகை அடிக்கடி நீரில் நனைக்கச் சொல்லவேண்டும். வாயில் நீலநிறம் கண்டால் அவ்விடம் கெட்டுவிட்டதென்று அறிக. வீட்டிலேயே நனைத்த கல்லில் தீட்டுவது மேலானது. 1¼ அங்குல அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து சுமார் ⅜ அங்குலம் உயர்த்திப் பிடித்து, இருபுறமும் சமமாய்த் தீட்டினால் வாய் தக்கபடி அமையும்.

மழுங்கிய கத்தியே அதிக ஆபத்தானது. கூர் இல்லாததை அழுத்தவேண்டியிருக்கும். அழுத்திய கை வழுக்கினால் விரல் வெட்டுப்படும். அறுவடை மும்முரத்தில் விரல் வெட்டுண்ட ஆள் பல நாட்கூலியை இழப்பார். காயத்தைச் சோப்பாலும் ஓடும் நீராலும் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் இசிவு நோய் வரக்கூடுமாதலால், தடுப்பூசி பற்றி அங்கே தவறாது கேட்டறிய வேண்டும்.

கிராம அலுவலர்கள் கவனிக்கவேண்டியது

திருவிழாக் காலங்களில் கத்தி வைத்திருப்போரைப் பற்றிய ஐயம் எழுவதுண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 2016-ல் ஏற்பட்ட விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத வகையிற் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கைத்தொழிலுக்கும் என அமைந்தவை அவ்வகையினின்று விலக்கப்பட்டிருக்கின்றன. மேலே சொல்லிய 6 அங்குலக் கத்தி அவ்வளவுக்கு மிகவும் உட்பட்டதே. ஆயினும் அதனை இடுப்பில் செருகிக் கொண்டு கூட்டத்தில் திரிவது முறையன்று. உறையிலிட்டுப் பாத்திரங்களோடு கூடையில் வைத்து எடுத்துச் செல்வதே அனைவருக்கும் நலம்.

முடிவாக

சமையற்கத்திக்கு ஓர் அடையாளம் இடுதல் நன்று. பிடியில் சிவப்பு நூல் சுற்றியோ, சூட்டுக்கோலால் குறியிட்டோ வைத்தால், மருந்துக் கொட்டகைக் கத்தியோடு அது கலவாது. அந்தக் கத்தி அரிசிப் பானையோடு இருக்கட்டும். மருந்து அறுக்கும் கத்தி மருந்தோடு இருக்கட்டும். அடுத்த அறுவடைக்குமுன் குடியானவர் ஒவ்வொருவரும் இவ்வொரு ஏற்பாட்டைச் செய்துகொண்டால், களத்தில் உண்போர் யாவரும் அச்சமின்றி உண்பர்.