ஓலை ஒப்பமும் மின்னொப்பமும்

தென்காசிக்கு அண்மையில், குற்றாலச் சாரல் வீசும் வயல்வெளிகளின் நடுவே அமைந்தது ஆய்க்குடி என்னும் பேரூர். பொதியமலைத் தலைவனாகிய வள்ளல் ஆய் அண்டிரனோடு இவ்வூர்ப் பெயரை இணைத்துக் கூறுவர். அவ்வள்ளலை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கொடுப்போனும் கொள்வோனும் முகம் நோக்கி நிற்குமிடத்தில், சொல் யாருடையது என்னும் ஐயத்திற்கு இடமில்லை. சொல் ஓலையில் ஏறி ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கியபோதோ ஐயமும் அதனுடன் சென்றது. இவ்வோலையை எழுதியவர் யார்? எழுதியபடியே இது வந்து சேர்ந்ததா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே ஒப்பத்தின் பயன்.

நம் முன்னோர் இவ்வினாக்களை நன்கு உணர்ந்திருந்தனர். அரசர் அளித்த கொடைகளைச் செப்பேடுகளில் பொறித்து, அவ்வேடுகளை ஒரு வளையத்திற் கோத்து, வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து, அவ்விடத்தில் அரச முத்திரையைப் பதித்தனர். சோழர் முத்திரையில் புலியும் கயலும் வில்லும் காணப்படும். முத்திரை அரசனுடையது என்பதை அறிவித்தது. வளையம், இடையில் ஓர் ஏட்டைக் கூட்டவோ குறைக்கவோ ஒட்டாமல் தடுத்தது.

ஒப்பத்தைச் சோதித்தறியும் முறைக்குப் பெரியபுராணத்தில் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. சுந்தரரின் திருமணத்தின்போது முதியவர் ஒருவர் வந்து, அவர் தமக்கு அடிமை என்று கூறி ஓலை ஒன்றைக் காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையை அடைந்தது. கிழிந்தது படியோலையே என்று கூறிய முதியவர், மூலவோலையை அவையில் நீட்டினார். அவையோர் அதனைக் கண்ட மாத்திரத்தில் நம்பிவிடவில்லை. சான்று கையெழுத்திட்டோரைக் கொண்டு அவர்தம் எழுத்தைத் தேர்ந்தனர். பின்னர்ச் சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டு நோக்கினர். எழுத்து ஒத்திருக்கக் கண்ட பின்னரே தீர்ப்புக் கூறினர். வழக்கைத் தீர்த்தது ஓலையில் ஒப்பம் இருந்தமை அன்று; அவ்வொப்பத்தை அவையோர் தேர்ந்தமையே ஆகும்.

இக்காலத்தில் ஓலையின் இடத்தைக் கணினிக் கோப்பு பெற்றுள்ளது. ஆய்க்குடி மாணவன் ஒருவன் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்றிதழ் வேண்டின், இ-சேவை வாயிலாக அதனைப் பெறுகிறான். அச்சான்றிதழில் வருவாய்த்துறை அலுவலர் பேனாவால் எழுதிய கையெழுத்து இராது. டிஜிட்டல் கையொப்பம் எனப்படும் மின்னொப்பமே இருக்கும். அவ்வொப்பத்திற்குச் சட்டத்தின் ஏற்பினை அளித்தது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமாகும். அஃது அவ்வாண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

மின்னொப்பம் என்பது கையெழுத்தின் படம் அன்று. அஃது ஓர் எண். இதற்கு அடிப்படையான கருத்தை விட்பீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவரும் 1976-இல் வெளியிட்டனர். அதனைச் செயற்படுத்தும் வழியை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்னும் மூவர் கண்டனர். அம்மூவர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ஆர்.எஸ்.ஏ. முறை என்பர்.

இம்முறையில் ஒப்பமிடுவோர் ஒவ்வொருவரிடமும் இரண்டு திறவுகோல்கள் உண்டு. ஒன்று மறைத் திறவுகோல். அதனை அவர் எவரிடமும் தரலாகாது. மற்றொன்று பொதுத் திறவுகோல். அதனை உலகமே அறியலாம். செய்தி எவ்வளவு நீண்டதாயினும், முதலில் அதிலிருந்து ஒரு சுருக்க எண் கணக்கிடப்படும். எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறையில் அச்சுருக்கம் எப்பொழுதும் 256 பிட் அளவினதாகவே அமையும். செய்தியில் ஒரு புள்ளி மாறினும் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். அச்சுருக்கத்தை மறைத் திறவுகோலால் மாற்றிப் பெறும் எண்ணே மின்னொப்பம்.

சிறிய எண்களைக் கொண்டு இதனை விளக்குவோம். 33 என்பது பொது எண். மறைத் திறவுகோல் 7. பொதுத் திறவுகோல் 3. செய்தியின் சுருக்கம் 4 எனக் கொள்வோம். ஒப்பமிடுவோர் ஏழு நான்குகளைப் பெருக்குகிறார், 16,384 வருகிறது. அதனை 33-ஆல் வகுக்க, மீதி 16. இதுவே ஒப்பம். செய்தியையும் 16 என்னும் ஒப்பத்தையும் பெற்றவர் மூன்று பதினாறுகளைப் பெருக்குகிறார், 4,096 வருகிறது. அதனை 33-ஆல் வகுக்க, மீதி 4. தமக்கு வந்த செய்தியின் சுருக்கத்தையும் அவர் தாமே கணக்கிடுகிறார். அதுவும் 4 ஆயின் ஒப்பம் மெய். இடையில் எவரேனும் செய்தியை மாற்றியதனால் சுருக்கம் 5 ஆகியிருப்பின், 4-உம் 5-உம் ஒவ்வா, பொய் வெளிப்பட்டுவிடும்.

33 என்பது 3, 11 என்பவற்றின் பெருக்கம் என்பதை எவரும் எளிதில் காண்பர். கண்டவர் மறைத் திறவுகோலையும் கணித்துவிடுவர். ஆதலின் நடைமுறையில் 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட பேரெண் வழங்குகிறது. அத்தகைய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்க இன்றுள்ள கணினிகளால் இயலவில்லை. ஆகவே சோதித்தல் எல்லார்க்கும் எளிது. பொய்யொப்பம் இடுதலோ அரிது. மேலும், படியோலை மூலவோலை என்னும் வேறுபாடும் இங்கு இல்லை. கோப்பினை எத்தனை படி எடுப்பினும் ஒவ்வொரு படியும் மூலத்தைப் போலவே சோதனைக்கு நிற்கும்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. இப்பொதுத் திறவுகோல் இன்னாருடையதே என்பதற்கு உறுதி யாது? அவ்வுறுதியை அளிக்கச் சான்றளிக்கும் அமைப்புகள் உள்ளன. அவ்வமைப்புகளுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பவர் நடுவண் அரசின் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் ஆவார். அலுவலரின் திறவுகோலுக்கு அமைப்பு சான்று. அமைப்புக்குக் கட்டுப்பாட்டாளர் சான்று. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பழுதுபடினும் ஒப்பம் பயன்படாது. 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பின் வழியாகக் கூகுள் நிறுவனத்தின் இணையப் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டறியப்பட்டது. உடனே கட்டுப்பாட்டாளர் அவற்றுக்கு அடிப்படையாயிருந்த சான்றிதழ்களை நீக்கம் செய்தார். ஆதலின் சான்றிதழ் உள்ளதா என்பதோடு, அது நீக்கப்படாமல் நிலைபெற்றுள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இக்கணக்குகளையெல்லாம் மாந்தர் கையால் செய்வதில்லை. கணினி வல்லுநர் இவற்றை நிரல்களாக எழுதித் தொகுத்து, அத்தொகுதியை 'நூலகம்' எனப் பெயரிட்டு வழங்குகின்றனர். 1998-இல் தோன்றிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். அத்தகையதொரு நூலகமாகும். அவ்வகை நூலகங்களிலும் பிழை நேர்தல் உண்டு. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒரே வரி இருமுறை எழுதப்பட்டிருந்தமையால், ஒப்பத்தைச் சோதிக்கும் படியே தாண்டப்பட்டு, 'சரி' என்னும் விடை மட்டும் வந்தது. 2022-இல் ஜாவாவின் சில பதிப்புகளில் மற்றொரு பிழை கண்டறியப்பட்டது. அங்கு வழங்கிய ஒருவகை ஒப்பம் இரண்டு எண்களால் ஆயது; அவை சுழியாக இருத்தல் கூடாது என்பது விதி. அவ்விதியைச் சோதிக்கும் படி விடுபட்டமையால், இரண்டிடத்தும் சுழியே இட்ட வெற்றொப்பம் எச்செய்திக்கும் செல்லும் என ஏற்கப்பட்டது. எழுத்தே இல்லாத ஓலையை அவையோர் மெய்யென்று ஏற்றது போன்றது இது. அவ்வாண்டு ஏப்ரலில் அப்பிழை திருத்தப்பட்டது. இவ்விரு பிழைகளிலும் கணிதம் தவறவில்லை. சோதிக்கும் கடமையே தவறியது.

இக்கடமை கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியது அன்று. மின்னொப்பமிட்ட சான்றிதழைத் தாளில் அச்சிட்டால், தாளில் தோன்றும் பெயரும் குறியும் வெறும் படமே ஆகும். அவற்றை எவரும் வரைந்துவிடலாம். ஒப்பம் கோப்பினுள் உள்ளது. கோப்பினைக் கொண்டே அதனைச் சோதித்தல் வேண்டும். தாளே கையில் இருப்பின், அதில் அச்சிட்ட சான்றிதழ் எண்ணையோ கியூ.ஆர். குறியையோ கொண்டு அரசின் பதிவோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஆதார் அட்டையில் உள்ள கியூ.ஆர். குறியோ தன்னுள்ளேயே மின்னொப்பத்தைத் தாங்கியுள்ளது. அதனைச் சோதிக்க இணையத் தொடர்பும் வேண்டுவதில்லை. சோதனையில் ஒப்பம் தவறுமாயின், உள்ளே எழுதியிருப்பது எத்துணை நயமுடையதாயினும் அதனை ஏற்றல் ஆகாது.

'இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? தாளைப் பார்த்தவுடன் பெற்றுக்கொண்டால் என்ன?' என்று சிலர் வினவலாம். பொய்ச் சான்றிதழ் ஒன்றைச் சோதியாமல் ஏற்கும்போது, உதவித்தொகை தகுதியற்றவன் கைக்குச் செல்கிறது. அதற்கு உரிய ஏழை மாணவன் ஒருவன் வெறுங்கையோடு திரும்புகிறான். அவன் பெயர் எப்பதிவிலும் ஏறுவதில்லை. அவன் இழப்பைக் கேட்பாரும் இல்லை. மெய்யான சான்றிதழைச் சோதியாமலே ஐயுற்றுத் தள்ளினும் அதே தீங்கு நேரும். ஆதலின் சோதித்தல் என்பது பிறரை இழிவாக எண்ணும் செயல் அன்று. மெய்யாளனுக்கு அவன் உரிமையை உறுதி செய்யும் அறமாகும். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் முதியவரையும் வெறுத்திலர், சுந்தரரையும் வெறுத்திலர், எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு நோக்கினர். ஓலை மாறிக் கோப்பாயினும், தேர்ந்து தெளியும் அக்கடமை மாறுவதில்லை.