அதிர்ச்சி நிலை: அறிதலும் சிகிச்சையும்

1895-ஆம் ஆண்டில் பெங்களூரில் காலரா பரவியபோது, சுகாதாரத்தைச் சீர்படுத்தும் பொறுப்பு ரொனால்டு ராஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அல்சூர் அக்காலத்தில் கண்டோன்மென்டின் ஒரு பகுதி. தடுப்பு முறை அன்றே தெரிந்திருந்தும், நோயுற்றோரைக் காக்கும் முறை முழுமை பெறவில்லை. காலராவில் மரணம் விளைவிப்பது பெரும்பாலும் அதிர்ச்சி நிலையே.

இங்கு அதிர்ச்சி என்பது மனக்கலக்கமன்று; உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்லாமையாகும். பேதியால் உடல்நீர் வற்ற, இரத்தத்தின் அளவு குறைகிறது. நாடி விரைந்தும் மெலிந்தும் ஓடும், கைகால்கள் சில்லிடும், சிறுநீர் குறையும், அறிவு மயங்கும். நகத்தை அழுத்தி விட்டபின் 3 வினாடிக்குள் சிவப்பு மீளாவிடில் ஐயுறல் வேண்டும். இரத்த அழுத்தம் வீழ்வது பிந்திய அறிகுறி. அதற்காகக் காத்திருத்தல் கூடாது.

கிருமித் தொற்றால் விளையும் செப்ஸிஸ் வேறு வகையது. இதில் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. ஆதலால் தொடக்கத்தில் கைகால்கள் வெதுவெதுப்பாகவும் இருக்கலாம். விரைந்த மூச்சும் புதிய மனக்குழப்பமும் முக்கிய அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமலும் இது நேரும்.

சிகிச்சை
1. காலரா: ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 30 மி.லி. ரிங்கர் லாக்டேட் அரை மணியிலும், 70 மி.லி. அடுத்த இரண்டரை மணியிலும் சிரைவழி செலுத்தப்படும்.
2. செப்டிக் அதிர்ச்சி: இரத்த மாதிரி எடுத்து, 1 மணிக்குள் ஆன்டிபயாடிக் தரவேண்டும். சீழ் இருப்பின் வெளியேற்ற வேண்டும். நீர் ஏற்றியும் அழுத்தம் உயராவிடில் நார்அட்ரினலின் தேவை.

விழுங்கக்கூடிய பேதி நோயாளிக்கு, மருத்துவமனை சேரும்வரை உப்பு சர்க்கரைக் கரைசல் புகட்டுதல் களப்பணியாளர் கடமை. 1971-இல் மேற்கு வங்காள அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே காலரா இறப்பை 3.6 சதவீதமாகக் குறைத்தார்.