நஞ்சுக்கொடியின் நஞ்சு



பிள்ளைப்பேறு வீட்டிலேயே நடந்த காலத்தில், குழந்தை பிறந்தவுடன் மருத்துவிச்சி எழுந்து போய்விடமாட்டார். கொடி விழும்வரை காத்திருப்பார். அது முழுதாக வந்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்த பிறகே கை கழுவுவார். பின்னர் அதை வளவின் ஒரு மூலையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பார்கள். கல்முனையிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இதைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் 'சூல்வித்தகம்' என்று கூறும் அந்த உறுப்புக்கு நம் முன்னோர் இட்ட பெயர் நஞ்சுக்கொடி. குழந்தைக்கு மூச்சும் உணவும் அளித்துக் காத்த ஓர் உறுப்பை நஞ்சு என்று அழைப்பதா? உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆயினும் அந்தப் பெயர் வேறொரு வகையிலும் பொருத்தமானதே என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது.

கர்ப்பமாகி இருபது வாரம் கடந்த பின்னர், அதுவரை நலமாயிருந்த ஒரு பெண்ணுக்குக் குருதியமுக்கம் 140/90 என்ற அளவுக்கோ அதற்கு மேலோ ஏறுகிறது. சலத்தில் புரதம் கலந்து போகிறது. முகமும் கைகளும் திடீரென வீங்குகின்றன. முற்றினால் கடுந்தலையிடி, கண் மங்கல், வலது விலாவின் கீழே நோவு, கடைசியில் வலிப்பு. அப்போது தாயும் சேயும் ஒருங்கே போய்விடக் கூடும். உலகில் நூறு கர்ப்பவதிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இந்நோய் காண்கிறது என்பர். நம் ஊரில் 'பிரஷர்' என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிடுகிறோம். வைத்தியர்கள் இன்று இதைப் 'பிரீஎக்லாம்சியா' என்கிறார்கள். முன்பு அவர்கள் வழங்கிய பெயர் 'டொக்சீமியா'. குருதியில் நஞ்சு ஏறிய நிலை என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பெயரை வைத்தார்களே தவிர, அந்த நஞ்சு எது என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை.

ஒரு துப்பு மட்டும் வெகுகாலமாகவே கையிலிருந்தது. சில வேளைகளில் கருப்பையில் குழந்தையே உருவாகாமல், கொடியின் தசை மாத்திரம் முந்திரிக் குலைபோல் வளர்வதுண்டு. தமிழில் இதை முத்துப்பிள்ளை என்பார்கள். அங்கேயும் இந்நோய் வரும். ஆகவே குற்றம் குழந்தையின்மேல் இல்லை. மேலும், கொடி வெளியேறியதும் நோயும் நாளடைவில் இறங்கிவிடும். சந்தேகம் முழுவதும் கொடியின்மேல்தான் விழுந்தது.

இதைத் துலக்கியவரைச் சொல்லுமுன், அவர் படித்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில், அமெரிக்க மிஷன் வைத்தியர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தங்கியிருந்தார். ஓர் இரவில் மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பிரசவ வேதனையில் கிடந்தனர். ஆண் வைத்தியர் பார்க்கக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்று மன்றாடினர். அவரோ வைத்தியம் படித்தவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். பின் அவர் அமெரிக்கா சென்று வைத்தியராகித் திரும்பினார். வேலூரில் 1900 இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய அவரது பணி, 1918 இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகி, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. நம் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறோம் அல்லவா? அந்த இரவின் கதை நமக்கு அந்நியமானதன்று.

அந்தக் கல்லூரியில் படித்தவர் டாக்டர் அனந்த் கருமஞ்சி. அவர் மகப்பேற்று வைத்தியர் அல்லர், சிறுநீரக நிபுணர். இந்நோயில் சிறுநீரகம் பழுதுபடுவதே அவரை இழுத்தது. பொஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையில் அவரும் கூட்டாளிகளும், நோயுற்ற தாய்மாரின் கொடிகளையும் நலமான தாய்மாரின் கொடிகளையும் எடுத்து ஒப்பிட்டனர். நோயுற்ற கொடியில் ஒரு புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாவதைக் கண்டனர். அதன் பெயர் எஸ்-எஃப்-எல்-டி-1.

அது செய்வதென்ன? நம் குருதிக் குழாய்களின் உட்சுவர் நலமாக இருக்க, குருதியில் ஓடும் சில வளர்ச்சிப் பொருள்கள் அதை வந்தடைய வேண்டும். இந்தப் புரதம் அவற்றை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. சம்மாந்துறை வயலில் மேற்கண்டத்துக்காரர் வாய்க்காலை மறித்தால் கீழ்க்கண்டம் காய்வது போலத்தான். காய்ந்த குழாய்கள் இறுகுகின்றன, அமுக்கம் ஏறுகிறது. சிறுநீரகம் ஒழுகுகிறது, சலத்தில் புரதம் தெரிகிறது. எலிகளின் உடலில் இப்புரதத்தைப் பெருக்கிப் பார்த்தபோது, கர்ப்பமில்லாத எலிக்கும் அமுக்கம் ஏறிச் சலத்தில் புரதம் கண்டது. இது வெளிவந்தது 2003 இல். பெயர் மட்டும் இருந்த நஞ்சுக்கு அன்றுதான் உருவம் கிடைத்தது.

மறு ஆண்டு வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது என்பேன். நோய் வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்பே இப்புரதம் குருதியில் மிகையாக ஏறத் தொடங்குகிறது என்று அது காட்டியது. இதன் அளவை அறியும் குருதிப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023 இல் அனுமதி வழங்கியது. ஜெர்மனியில் கருமஞ்சியும் பிறரும் சேர்ந்து, சில தாய்மாரின் குருதியை வடிகட்டி அப்புரதத்தைக் குறைத்தும் பார்த்தனர். கர்ப்பத்தைச் சில நாட்கள் நீட்ட முடிந்தது. ஏழாம் மாதச் சிசுவுக்கு அச்சில நாட்களே பெருஞ்செல்வம். எனினும் நோயை முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. கொடி வெளியேறுவதே தீர்வு. எப்போது பிள்ளையை எடுப்பது என்பதுதான் வைத்தியரின் தலையில் விழும் பாரம்.

வலிப்பைத் தடுக்கும் மருந்து நிச்சயமாக உண்டு. மக்னீசியம் சல்பேற்று என்ற மலிவான உப்பு, வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனை 2002 இல் நிறுவியது. ஆபத்து அதிகமுள்ள பெண்கள் நாலாம் மாதத்துக்குள் சிறிதளவு அஸ்பிரின் தொடங்கினால், காலத்துக்கு முன் வரும் கடுமையான நோய் வெகுவாகக் குறைகிறது என்று 2017 இல் மற்றொரு சோதனை காட்டியது. கடையில் வாங்கித் தாமாகவே விழுங்கலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது.

நம் நாட்டில் 1930 அளவில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010களில் அது நாற்பதுக்கும் கீழே இறங்கியது. அதற்குப் பெருங்காரணம் வீடு வீடாக வரும் மருத்துவ மாதும், மாதாமாதம் கையில் கட்டும் அந்த அமுக்கப் பட்டியும், சலப் பரிசோதனையுந்தான். இங்கேதான் நம்மவர் தவறுகிறார்கள். நம் கரையோரத்தில் மருமகன் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். தமிழர் வீட்டிலும் அப்படித்தான், முஸ்லிம் வீட்டிலும் அப்படித்தான். கர்ப்பவதியின் அருகில் அவளைப் பெற்ற அம்மாவோ உம்மாவோ எப்போதும் இருக்கிறார். இது பெரிய பாக்கியம். ஆனால் "எனக்கும் இப்படித்தான் வீங்கினது, நான் ஆறு பெத்தவள்" என்ற ஒரு வார்த்தையில் கிளினிக் நாள் தவறிப்போவதும் அந்த வீட்டில்தான். கால் சற்று வீங்குவது பெரும்பாலும் சாதாரணமே. முகமும் கையும் ஊதுவது, விடாத தலையிடி, கண்ணில் பூச்சி பறப்பது ஆகியவை சாதாரணமல்ல. முதற் பிள்ளைக்காரிக்கும், இரட்டைப் பிள்ளை சுமப்பவளுக்கும், முன்பு ஒருமுறை இந்நோய் கண்டவளுக்கும் ஆபத்து அதிகம். கணவன் மத்திய கிழக்கில் இருந்தால், கிளினிக் திகதியை அவரும் குறித்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்கலாம்; அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பிள்ளை பிறந்து கொடியும் விழுந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணுகிறோம். கொடி போனாலும் குருதியமுக்கம் உடனே இறங்கிவிடுவதில்லை. பேற்றுக்குப் பிந்திய நாட்களிலும் வலிப்பு வரலாம். ஆறு வாரம்வரை கவனம் வேண்டும். அது ஏறக்குறைய நம் வீடுகளில் தாயை அறைக்குள் வைத்துக் காக்கும் அதே நாற்பது நாள். அந்த நாட்களில் அவள் தலை இடிக்கிறது, கண் தெளிவில்லை என்றால், காயமும் பத்தியமும் இருக்கட்டும். அறைக் கதவைத் திறந்து, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.