சிறுத்தைப் பல்லிக் குஞ்சுக்கு என்ன தீன்?

அண்மையில் சாவகச்சேரியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியில் ஒரு சிறுத்தைப் பல்லிக் குஞ்சு வளர்க்கிறார்கள். போட்ட சோறும் வாழைப்பழமும் அப்படியே கிடந்தன. குஞ்சின் வால் மெலிந்திருந்தது. கொழுப்பைச் சேர்த்து வைப்பதே வாலில்தான்.

"இதுக்குப் பசியே இல்லை மாமா" என்றான் பொடியன். பசி இருக்கிறது, தீன்தான் பிழை.

இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி. உயிருள்ள பூச்சியைத்தான் தின்னும். குஞ்சுக்குத் தினமும் பொழுதுபட்ட பிறகு சிறிய சுவர்க்கோழிகள் கொடுக்க வேண்டும். பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மிஞ்சக் கூடாது. கல்சியம் தூளில் பிரட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். பூச்சிகளுக்கும் முதல்நாளே கரட், கீரை போட்டு வையுங்கள். வெறும் வயிற்றுப் பூச்சியில் சத்து ஏது? தின்னாமல் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். இரவில் அவை பல்லியையே கடிக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளே, தேயிலை மலையில் பிடித்த பூச்சியை ஒருக்காலும் கொடுக்காதீர்கள். செடிக்கு அடித்த மருந்து பூச்சி வழியாகக் குஞ்சைக் கொன்றுவிடும். மின்மினியும் நஞ்சுதான்.

நம்ம மலைக் குளிர் இன்னொரு சங்கடம். சாவகச்சேரி வெக்கை லயத்தில் கிடைக்காது. பெட்டியின் ஒரு பக்கத் தரையாவது 32 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. மணலும் பரப்ப வேண்டாம், தீனோடு விழுங்கினால் குடல் அடைக்கும். பழைய பேப்பர் போதும். சிறு கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

பல்லியைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே கைக்குழந்தையைத் தூக்குங்கள். சல்மொனெல்லா கிருமி வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.