நிலமட்டப் புள்ளிகளை அனுப்பும்போது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழுக்கையாற்றுப் பக்கம் வாய்க்கால் வெட்ட மட்டம் எடுத்து, சிவில் 3டி மென்பொருளில் நிலப்பரப்பு அமைத்துவிட்டீர்களா? லட்சக்கணக்கான புள்ளிகளை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். 1,048,576 வரிசைக்கு மேற்பட்டவை தொலைந்துவிடும். எழுத்துக் கோப்பாகவே அனுப்புங்கள்.

அனுப்புமுன் முதல் வரியைப் பாருங்கள். இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில் யாழ் நகருக்குக் கிழக்கு எண் ஏறத்தாழ 417,000, வடக்கு எண் 795,000. இரண்டும் இடம் மாறினால் உங்கள் வயல் தென்கிழக்கே நடுக்கடலில் போய் நிற்கும்.

உயரத்தின் மூன்று தசம தானங்களை வெட்டிவிடவே கூடாது. குடாநாட்டின் தட்டை நிலத்தில் வெள்ளம் எப்பக்கம் வடியும் என்பதைச் சில சென்ரிமீற்றர்களே தீர்மானிக்கின்றன. வரம்பு, வாய்க்கால் விளிம்பு உள்ள இடமென்றால் லாண்ட்எக்ஸ்எம்எல் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். புள்ளிகளை இணைக்கும் முக்கோணங்களும் அதில் கூடவே போகும்.